நார்வே: மே, செப்டம்பர் கடைசி, கிறிஸ்துமஸ். பள்ளிக்கூட லீவுல எப்போ போறது?

#1 கோவை_பாலு | கோயம்புத்தூர்

எல்லாருக்கும் வணக்கமுங்க. 2027-ல நார்வே போயிட்டு வரலாம்னு வீட்ல பேசி முடிச்சாச்சு. நான், வீட்டம்மா, பையன் (ஏழாவது), பொண்ணு (ஒண்ணாவது), எங்கம்மா. அம்மாவுக்கு 68 வயசு, முட்டி வலி உண்டு. சமதரைல மெதுவா நடப்பாங்க, ஏத்தம்னா சிரமம்.

லீவு கிடைக்கறது மூணே நேரம்தான். மே மாசம் முழுப்பரீட்சை லீவு. இல்லைன்னா செப்டம்பர் கடைசில காலாண்டு லீவு, முன்னபின்ன சனி ஞாயிறு சேர்த்தா ஒரு வாரத்துக்கு மேல தேறும். அதுவும் இல்லைன்னா அரையாண்டு லீவு, கிறிஸ்துமஸ்ல இருந்து புத்தாண்டு வரைக்கும்.

பார்க்க ஆசைப்படறது: ஃபியோர்டு (மலைக்கு நடுவுல நீளமா உள்ள போற கடல்), நள்ளிரவுச் சூரியன், அரோரா (ராத்திரி வானத்துல தெரியற துருவ ஒளி), பனி, அப்புறம் எல்லாரும் நுனியில நின்னு போட்டோ எடுக்கறாங்களே அந்த நாக்குப் பாறை. எல்லாத்தையும் ஒரே தடவைல பார்த்துட முடியுமா? நெட்ல தேடினா ஒவ்வொருத்தன் ஒவ்வொரு மாசம் போட்டிருக்கான். போயிட்டு வந்தவங்க, அங்கயே இருக்கறவங்க சொன்னா நல்லா இருக்கும்.

#2 தாமு_டூர் | சென்னை

ஜூலை முதல் வாரம். கண்ணை மூடிட்டு டிக்கெட் போடுங்க. எல்லா மலை ரோடும் திறந்திருக்கும், எல்லாப் படகும் ஓடும். ஸ்கூலுக்கு ஒரு வாரம் லீவு லெட்டர் குடுத்தா ஒண்ணும் குடி முழுகிப் போயிடாது.

#3 கோவை_பாலு

தாமு அண்ணா, வீட்டம்மா அதே ஸ்கூல்ல டீச்சருங்க. லீவு லெட்டர் குடுத்தா அது அவங்க மேஜைக்குத்தான் வந்து சேரும் :) ஜூலை ஆகாது.

#4 மழைப்பெட்டி | பெர்கன், நோர்வே

பாலு அண்ணா, வணக்கம். நான் பெர்கனில இருக்கிறன், பள்ளிக்கூடம் படிச்சதும் இங்கதான். முதல்லயே சொல்லிப்போடுறன்: நீங்கள் கேட்ட அஞ்சும் ஒரே பயணத்தில வராது. நள்ளிரவுச் சூரியனும் அரோராவும் ஒண்டு இருந்தால் மற்றது இல்லை. வடக்கில இருக்கிற ட்ரோம்சோ நகரத்தில மே 20 அளவில தொடங்கி ஜூலை 22 மட்டும் சூரியன் மறையிறதே இல்லை. அதுக்கு முன்னும் பின்னும் கன நாளைக்கு வானம் சரியா இருட்டாது. இருட்டில்லாட்டி அரோரா எங்க தெரியப்போகுது?

எல்லாரும் வெப்பநிலை அட்டவணையைப் பாத்துத்தான் மாதம் எடுக்கினம். இந்த நாட்டுக்கு அது பாதிதான் உதவும். மே கடைசியில பெர்கனில 14 பாகை எண்டு இருக்கும், ஒரு ஸ்வெட்டரோட போகலாம். அதே நாள் 1,400 மீட்டர் மேல போனால் றோட்டுக்கு ரெண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குப் பனிச்சுவர் நிக்கும். கடற்கரையில வசந்தம், மலையில மாசி மாதம், ரெண்டும் ஒரு மணித்தியால ஓட்டத்தில. அதால "எந்த மாதம் குளிர் இல்லை" எண்டு கேக்காமல், எந்த றோட்டு எப்ப திறக்குது, பகல் எவ்வளவு நீளம் எண்டு கேளுங்கோ.

றோட்டுக் கதை இது. சொக்னஃபியெல்லெ எண்டு ஒரு மலைப்பாதை, 1,434 மீட்டர், வட ஐரோப்பாவிலயே உயரமான கணவாய் றோட்டு. மே முதல் பாதியில பனி வெட்டித் திறப்பினம், பிறகு பனிப்புயல் வந்தால் ஒரு இரவுக்குத் திரும்பவும் பூட்டுவினம். அவுர்லாண்டில இருந்து லேர்டாலுக்குப் போற "பனிப்பாதை" 1,306 மீட்டர் வரை ஏறும், அது ஜூன் தொடக்கத்திலதான் திறக்கும். ட்ரோல்ஸ்டீகன் எண்ட 11 கொண்டை ஊசி வளைவு றோட்டு வழமையா மே கடைசி, ஜூன். அதிலயும் 2024-ல கல் விழுந்து கோடை நடுவிலயே பூட்டிப்போட்டினம். அதை நம்பி ஹோட்டல் போடவேண்டாம்.

மேயில வந்தால் இந்த மூண்டில ஒண்டோ ரெண்டோ கிடைக்காது. ஆனால் நீங்கள் அதுக்காகக் கவலைப்படத் தேவையில்லை, ஏனெண்டால் வருசம் முழுக்க ஓடுறதும் கன இருக்கு. ஒஸ்லோ - பெர்கன் ரயில், மீர்டாலில இருந்து ஃப்ளோம் இறங்குற மலை ரயில், ஃப்ளோமில இருந்து குட்வாங்கன் போற மின்சாரப் படகு, எல்லாம் எந்த மாதமும் இருக்கு. பனிப்பாதை பூட்டியிருந்தாலும் அதின்ர தொடக்கத்தில இருக்கிற ஸ்டேகஸ்டைன் காட்சித்தளம் வரைக்கும் பஸ் போகும். ஃபியோர்டுக்கு 650 மீட்டர் மேல, வெளியில நீட்டின மரத்தளம், நுனியில கண்ணாடி. அம்மா வாகனத்தில இருந்து இறங்கி ஒரு கொஞ்சத் தூரம் நடந்தால் போதும்.

இப்ப வேலைக்கு ஓடவேணும். மழை பற்றிப் பின்னேரம் எழுதுறன்.

#5 லென்ஸ்_மீரா | சென்னை

மழைப்பெட்டி சொன்னது சரி. ஆனா மே மாசத்துக்கு ஓட்டு விழறதுக்கு முன்னாடி செப்டம்பர் பக்கத்துல இருந்து ஒரு குரல் குடுத்துடறேன்.

செப்டம்பர் கடைசியில வடக்க இருக்கற லோஃபோடன் தீவுகளுக்குப் போயிருந்தேன். புல்லும் புதரும் துரு நிறத்துக்கு மாறி, பிர்ச் மரம் எல்லாம் மஞ்சளா நிக்கும். அந்தச் சமயம் பகலும் ராத்திரியும் ஏறக்குறைய சமம். பகல் முழுக்கச் சுத்திட்டு, ராத்திரி பத்து மணிக்கு அரோராவுக்குக் காத்திருக்கலாம். குளமெல்லாம் இன்னும் உறையல, அதனால பச்சை வெளிச்சம் தண்ணியிலயும் விழும். ஜனவரியில போறவங்களுக்குப் பனிதான் கிடைக்கும், இந்தப் பிரதிபலிப்பு கிடைக்காது. இன்னொரு விஷயம், மார்ச்லயும் செப்டம்பர்லயும், அதாவது பகலிரவு சமமா இருக்கற நாட்களை ஒட்டி, பூமியோட காந்தப்புலத்துல கலக்கம் கொஞ்சம் அதிகமாவே இருக்கும்.

சூரியனோட 11 வருஷச் சுழற்சி 2024-ல உச்சத்துல இருந்துச்சு, இனி இறங்குமுகம், அதனால 2027-ல அரோரா வராதுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. ட்ரோம்சோ, லோஃபோடன் எல்லாம் அரோரா வளையத்துக்கு நேர் கீழயே இருக்கு. சுழற்சி இறங்கினா நமக்குத்தான் பாதிப்பு: 2024 மே மாசம் லடாக்ல ஹான்லேயில இருந்தே செக்கச் செவேல்னு தெரிஞ்சுதே, அந்த மாதிரி புயல் அடிக்கடி வராது. வேடிக்கை என்னன்னா, அந்த ராத்திரி ட்ரோம்சோவுல வானம் வெளிச்சமா இருந்ததால அவங்களுக்குப் பெரிசா ஒண்ணும் தெரிஞ்சிருக்காது.

#6 கோவை_பாலு

மீராக்கா, படிக்கும்போதே மனசு செப்டம்பர் பக்கம் சாயுதுங்க. நாக்குப் பாறையும் அப்போ போகலாமா?

#7 லென்ஸ்_மீரா

ட்ரோல்துங்காவுக்கு வழிகாட்டி இல்லாம போறதுக்கு ஜூன்ல இருந்து செப்டம்பர் கடைசி வரைக்கும்தான் சொல்றாங்க. தேதிக் கணக்குல இடம் இருக்கு. ஆனா பாலு, கீழ இருந்து போனா போக வர 27 கிலோமீட்டர். மேல் பார்க்கிங்ல இடம் கிடைச்சு அங்கிருந்து நடந்தா 20. ஒண்ணாங்கிளாஸ் பொண்ணு நடக்குமா? அம்மா கீழ தனியா ஒரு நாள் முழுக்க என்ன பண்ணுவாங்க? இந்த ட்ரிப்ல எந்த மாசமா இருந்தாலும் அதை அடிச்சுடுங்க. பையன் காலேஜ் போனப்புறம் அவனே ஃப்ரெண்ட்ஸோட போய்க்குவான்.

#8 தாமு_டூர்

ட்ரோல்துங்காவை அடிச்சாச்சு. பார்த்தீங்களா, நடக்கறவங்களுக்கு ஜூலைதான்னு இப்பவாவது ஒத்துக்குங்க.

#9 மழைப்பெட்டி

தாமு அண்ணா, நடக்கிற ஆக்களுக்கு ஜூலை நடுவில இருந்து ஆகஸ்ட் கடைசி மட்டும், அதில எனக்கு மறுப்பில்லை. மலைக்குடிலுகளில ஆள் வைச்சுச் சாப்பாடு போடுறதே ஜூன் கடைசிக்குப் பிறகுதான். ஆனால் ஜூலையில நாடு முழுக்க லீவில போகும். ஒஸ்லோவில நல்ல சாப்பாட்டுக் கடையள் கொஞ்சம் மூன்று கிழமைக்குப் பூட்டிக் கிடக்கும், அந்தச் சனம் எல்லாம் ஃபியோர்டுக் கரையில நிக்கும். அதோட உல்லாசக் கப்பல். ஃப்ளோம் ஒரு சின்னக் கிராமம். ஒரு பெரிய கப்பல் வந்து கட்டினால், ரயில் நிலையத்துக்கும் கழிப்பறைக்கும் நிக்கிற வரிசையைப் பாத்திட்டு ஊர்ச்சனம் வீட்டுக்குள்ள போயிடும்.

இப்ப மழை. பெர்கனில வருசத்துக்கு 2,200 மில்லிமீட்டருக்கு மேல. உங்கட சென்னையில 1,400 சொச்சம். ஆனால் சென்னையில அதில பெரும்பகுதி மூண்டு நாலு மாதத்தில கொட்டித் தீர்க்கும். இங்க வருசம் முழுக்கத் தூறும், ஒரு மாதமும் விதிவிலக்கில்லை. அதிலயும் மழை குறைஞ்ச காலம் ஏப்ரல், மே, ஜூன். செப்டம்பரில பெய்யிறது மே மாத மழையைப் போல ரெண்டு மடங்குக்கு மேல. மீரா அக்கா லோஃபோடனில நல்ல வானம் கண்டிருக்கிறா, சந்தோசம். அதே கிழமை பெர்கனில நிண்டிருந்தால் ஊரைச் சுற்றி நிக்கிற எங்கட ஏழு மலையில ஒண்டைக்கூடக் கண்டிருக்க மாட்டா.

குடை கொண்டுவராதேங்கோ. காத்தில மடிஞ்சு முறிஞ்ச குடையள் ஒவ்வொரு மழைக்குப் பிறகும் குப்பைத் தொட்டியில தலைகீழாக் கிடக்கும். தொப்பி வைச்ச மழைச்சட்டை, காலுக்கும் மழைக்காற்சட்டை. பிள்ளையளுக்கு இங்க வந்தே வாங்கலாம், பாலர் பாடசாலைப் பிள்ளையள் எல்லாம் அதோடதான் நாள் முழுக்க வெளியில விளையாடுங்கள்.

#10 வால்பாறை_டீ | பொள்ளாச்சி

பாலு சார், நம்ம பக்கத்து ஆளுக்கு இது சட்டுனு புரியும். அட்லாண்டிக்ல இருந்து ஈரக்காத்து வந்து மேற்குக் கரை மலையில மோதி மேல ஏறுது, குளிருது, பெய்யுது. மலையைத் தாண்டி இறங்கும்போது காத்துல ஈரம் இல்லை. தென்மேற்குப் பருவத்துல வால்பாறையில கொட்டறப்ப பல்லடத்துல புழுதி பறக்குமே, அதே கதை. நார்வேயில மலைக்குக் கிழக்க ஷோக்னு ஒரு ஊர், அங்க வருஷத்துக்கு 300 மில்லிமீட்டர்கூட இல்லை. பழைய காலத்துலயே வாய்க்கால் வெட்டி வயலுக்குத் தண்ணி பாய்ச்சியிருக்காங்க. நார்வேயில பாசனம்னா யார் நம்புவாங்க!

இதுல உங்களுக்கு ஆகற விஷயம்: ராத்தங்கல் எல்லாத்தையும் பெர்கன்ல வெச்சுக்காதீங்க. ஃபியோர்டு உள்ளுக்குள்ள நூறு, இருநூறு கிலோமீட்டர் போகுது. உள்ள போகப்போக மழை குறையும். ஃப்ளோம், லேர்டால் பக்கம் பெர்கன் மழையில பாதிகூட இருக்காது.

#11 கனி_ஷார்ஜா | ஷார்ஜா

அரையாண்டு லீவு பத்தி யாரும் பேசலையே. எங்க குடும்பம் டிசம்பர் கடைசில ட்ரோம்சோ போச்சு. நவம்பர் 27-ல இருந்து ஜனவரி 15 வரைக்கும் அங்க சூரியன் உதிக்காது. கும்மிருட்டுனு நினைச்சுக்காதீங்க. பகல் பதினொண்ணு, பன்னெண்டு மணி வாக்குல ரெண்டு மூணு மணி நேரம் வானம் நீலமும் ரோஸும் கலந்து இருக்கும், புத்தகம் படிக்கலாம். அப்புறம் மறுபடி ராத்திரி. சின்னப் பசங்களுக்கு மதியம் ரெண்டு மணிக்கே தூக்கம் வந்துடுது, ராத்திரி ரெண்டு மணிக்கு முழிச்சுக்கறாங்க. அரோராவுக்கு அதுவே வசதி :)

பனி நிறைய. ஷெர்வோய் பக்கம் ஹெர்ரிங் மீன் கூட்டத்தைத் துரத்திக்கிட்டு கொலைத்திமிங்கலமும் கூன்முதுகுத் திமிங்கலமும் நவம்பர்ல இருந்து ஜனவரி வரைக்கும் வரும், அது பெரிய விஷயம். ஆனா 24-ஆம் தேதி சாயங்காலத்துல இருந்து 26 முடியற வரைக்கும் ஊரே பூட்டு. பஸ்ஸும் கம்மி. நீங்க சொல்ற லீவு சரியா அதுமேலதான் வந்து உக்காருது. அம்மாவுக்கு முட்டி வலின்னா பனிக்கட்டி நடைபாதை வேணவே வேணாம். செருப்புக்கு அடியில மாட்டற முள்ளு விக்கறாங்க, இருந்தாலும் பயம்தான்.

#12 வடமுனை | ஒஸ்லோ

தம்பிமார் தங்கச்சிமார் எல்லாரும் நல்லா எழுதுறீங்கள். நான் எண்பதுகளின்ர கடைசியில வடகோடியில இருக்கிற ஃபின்மார்க்கில மீன் பக்டரியில வேலை செய்தவன். அப்ப எங்கட பெடியள் கன பேர் அங்கதான், வெட்டுற மேசையில தமிழ்தான் கேக்கும். இப்ப ஒஸ்லோ.

உங்கட பட்டியலில இல்லாத ஒரு காலம் சொல்லுறன், மார்ச். வடக்கில இருந்த ஆரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்லுவினம். பனி முழுசா இருக்கும், பகலும் பன்னிரண்டு மணித்தியாலம் வந்திடும், இரவு அரோரா. பாரன்ட்ஸ் கடலில இருந்து கொட் மீன் முட்டை போட லோஃபோடனுக்கு இறங்கி வாற காலமும் அதுதான், ஜனவரி தொடக்கம் ஏப்ரல். பிடிச்ச மீனைத் தலையை வெட்டி, ரெண்டு ரெண்டா வாலில கட்டி, மரச் சட்டத்தில தூக்குவினம். உப்பில்லை. குளிரும் காத்தும் மட்டும்தான் காய வைக்கிறது. சட்டத்துக்குக் கீழ நடந்தால் தலைக்கு மேல மரக்கட்டை மாதிரி ஒண்டோடொண்டு முட்டிச் சத்தம் கேக்கும், வாசத்தைச் சொல்லத் தேவையில்லை. மே மட்டும் தொங்கும், அதால தம்பி பாலு லோஃபோடன் போனால் கடைசி மீனைக் காணலாம்.

வார்டோ எண்ட ஊரில மாரி (குளிர்காலம்) முடிஞ்சு சூரிய வட்டம் முழுசா மேல தெரியிற நாள் கோட்டையில பீரங்கி வெடிப்பினம். பள்ளிக்கூடப் பிள்ளையளுக்கு அண்டைக்கு லீவு. ட்ரோம்சோவில ஜனவரி 21 எண்டால் பேக்கரியில சூரியனுக்கெண்டு இனிப்புப் பணிஸ் வாங்க வரிசை நிக்கும். அதைப் பாத்தால்தான் இந்த நாட்டுச் சனம் ஏன் மே மாதம் வெயில் கண்டதும் வேலை முடிய முதல் வெளியில ஓடுதுகள் எண்டு விளங்கும்.

சரி, மார்ச்சில உங்களுக்கு லீவில்லை. அப்ப மே. யோசிக்காதேங்கோ.

#13 மட்டுறுத்துநர்

விசா கேள்விகள் நிறைய தனிமடலில் வருகின்றன. நார்வே ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனால் ஷெங்கனில் (ஒரே விசா செல்லும் ஐரோப்பிய நாடுகளின் குழு) உண்டு. பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். மே பயணத்துக்கு நவம்பர், டிசம்பரில் தொடங்கினால் நேரம் இருக்கும். மேற்கொண்டு விவரங்களுக்கு விசா இழைக்குப் போகவும், இங்கே மாதத்தைப் பற்றி மட்டும்.

#14 கோவை_பாலு

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. வீட்டம்மாகிட்ட எல்லாத்தையும் படிச்சுக் காட்டினேன். மே மாசத்துக்குத்தான் அவங்க ஓட்டு. அரோராவை இந்தத் தடவை விட்டுடறோம். ஒரே ஒரு சந்தேகம், மழைப்பெட்டி அக்கா: மலை ரோடு பாதி பூட்டியிருக்கற மாசத்துல போய் என்ன விசேஷமா பார்ப்போம்? "ஜூலைல போயிருந்தா இதைவிட நல்லா இருந்திருக்குமே"ன்னு அங்க போய்த் தோணக்கூடாதுங்க.

#15 மழைப்பெட்டி

ரெண்டு விசயம் ஜூலையில காணவே ஏலாது.

முதலாவது அருவி. மலையில மாரி முழுக்கச் சேர்ந்த பனி மே, ஜூனிலதான் உருகி இறங்கும். அந்தக் குட்வாங்கன் படகில நேரோய்ஃபியோர்டுக்குள்ள போகேக்க ரெண்டு பக்கமும் பாறைச்சுவரில வெள்ளைக் கோடுகள். பெயர்கூட இல்லாத அருவியள். ஆகஸ்டில அதில பாதி காஞ்சு வெறும் கறுப்புத் தடம்தான் இருக்கும். இன்னொண்டும் சொல்லவேணும். இங்க கன அருவியளின்ர தண்ணி மின்சாரத்துக்குப் போகுது. மார்டால்ஸ்ஃபோசன் எண்ட பெரிய அருவியை ஜூன் கடைசியில இருந்து ஆகஸ்ட் வரைக்கும் சுற்றுலா ஆக்களுக்காகத் திறந்து விடுவினம், மற்ற நேரம் குழாய்க்குள்ள. 1970-ல அதுக்கெதிராச் சனம் பாறையில சங்கிலியால தங்களைக் கட்டிக்கொண்டு போராடினது பெரிய கதை. அதால மேயில அதைத் தேடிப் போகாதேங்கோ, உருகுபனி அருவியளே உங்களுக்குக் கண்கொள்ளாது. ஃப்ளோம் ரயில் ஷோஸ்ஃபோசன் அருவிக்கு முன்னால நிப்பாட்டும். பிளாட்போமில நிண்டால் முகம் நனையும், அம்மா கண்ணாடியைத் துடைக்கத் துணி வைச்சிருக்கச் சொல்லுங்கோ.

ரெண்டாவது ஹார்டாங்கர். லோஃப்ட்ஹூஸ் பக்கம் ஃபியோர்டுக் கரையோரச் சரிவு முழுக்க ஆப்பிள், பேரி, பிளம், செர்ரித் தோட்டம். மே நடுவில இருந்து கடைசிக்குள்ள பூக்கும், வருசத்துக்கு வருசம் ஒரு கிழமை முன்பின்னாகும். கீழ வெள்ளைப்பூ, நடுவில பச்சைத் தண்ணி, எதிர்க்கரை மலையில ஃபோல்கஃபொன்னா பனிப்பாறை. மூண்டும் ஒரே பார்வையில. நடக்க ஏத்தம் வேண்டாம், தோட்டத்துக்கு நடுவிலயே கார் றோட்டுப் போகுது.

பனி வேணுமெண்டால் ரயிலே காட்டும். ஃபின்சே நிலையம் 1,222 மீட்டர், மே கடைசியிலயும் சன்னலுக்கு வெளியில வெள்ளைதான். பிள்ளையள் இறங்கி ஒரு பனி உருண்டை எறிஞ்சிட்டு ஏற நேரம் இருக்காது, ரயிலை விட்டிடாதேங்கோ.

#16 லென்ஸ்_மீரா

சரி, தோல்வியை ஒத்துக்கிட்டேன். ஹார்டாங்கர் பூவுக்கு முன்னாடி என் துரு நிறப் புல் நிக்காது. ஆனா பாலு, திரும்பவும் போற எண்ணம் இருந்தா செப்டம்பரை மனசுல வைங்க.

#17 கோவை_பாலு

திட்டம் போட்டாச்சு, பார்த்துச் சொல்லுங்க.

மே 14 வெள்ளி காலைல ஓஸ்லோ. 15 சனிக்கிழமை மதிய ரயில்ல கிளம்பி சாயங்காலம் ஃப்ளோம், அங்க சமையலறை வெச்ச மரவீடு எடுத்து மூணு ராத்திரி. 18 படகுல குட்வாங்கன், அங்கிருந்து ஹார்டாங்கர் ரெண்டு ராத்திரி. 20 பெர்கன். 22 விமானத்துல ட்ரோம்சோ, நள்ளிரவுச் சூரியன். 25 கிளம்பறோம். கார் எடுக்கலை, ஹார்டாங்கர்ல மட்டும் எடுக்கலாம்னு. அம்மாவுக்கு ரயில், படகு, பெர்கன்ல அந்தக் கம்பி ரயில். சாப்பாட்டுக்கு அரிசி, பருப்பு, பொடி எல்லாம் கொண்டு வந்துடறோம், தயிரும் காய்கறியும் அங்க வாங்கிக்கறோம்.

#18 வடமுனை

தம்பி, 17-ஆம் திகதியைக் கவனிச்சீங்களோ? அது நோர்வேயின்ர அரசியலமைப்பு நாள், 1814-ல எழுதினது. இஞ்ச ராணுவ அணிவகுப்பு இல்லை, பள்ளிக்கூடப் பிள்ளையளின்ர ஊர்வலம். ஒஸ்லோவில ஒவ்வொரு பள்ளிக்கூடமும் கொடியும் பாண்டு வாத்தியமுமா அரண்மனைக்கு முன்னால போகும், அரச குடும்பம் மாடத்தில நிண்டு கை காட்டும். நோர்வேச் சனம் பாரம்பரிய உடுப்பில, எங்கட பொம்பிளையள் சேலையில. அண்டைக்கு ஒஸ்லோவில நிண்டிட்டு 18 காலமை ரயில் எடுங்கோ. உங்கட பொண்ணுக்கு ஒரு சின்னக் கொடி வாங்கிக் குடுத்தால் பிறகு ஐஸ்கிறீமைத் தவிர வேறொண்டும் கேக்காது.

#19 மழைப்பெட்டி

வடமுனை அண்ணா சொன்னதைக் கேளுங்கோ, ஆனால் நான் அதைவிட ஒரு படி மேல போய்க் கத்தப்போறன் :) நாள்காட்டியைப் பாருங்கோ. 2027-ல மே 16 ஞாயிறு பெந்தெகொஸ்தே, 17 திங்கள் பெந்தெகொஸ்தேத் திங்களும் தேசிய நாளும் ஒண்டா வருது. ஞாயிறும் பெருநாளும் இங்க பலசரக்குக் கடை பூட்டு. பெந்தெகொஸ்தேக்கு முதல்நாள் சனிக்கிழமை பின்னேரம் 4 மணிக்குப் பூட்டவேணும், சட்டமே இருக்கு. நீங்கள் 15 சாயங்காலம் ரெண்டு பிள்ளையளோட அந்த மரவீட்டில வந்து இறங்கினால், செவ்வாய் காலமை மட்டும் தயிர் கிடைக்காது. சின்னக் கடைக்கும் சுற்றுலா ஊருக்கும் விலக்கு இருக்கு, அதை நம்பிக் குடும்பத்தோட வரவேண்டாம்.

#20 கோவை_பாலு

ஐயோ, நல்ல வேளை கேட்டேன். அப்படீன்னா 14-ல இருந்து 18 காலைல வரைக்கும் ஓஸ்லோ. 18, 19 ஃப்ளோம். 20, 21 ஹார்டாங்கர். 22 பெர்கன் ஒரு ராத்திரி. 23 ட்ரோம்சோ, 26 கிளம்பறோம். பூவும் தப்பாது, சூரியனும் தப்பாது. சரிங்களா?

#21 மழைப்பெட்டி

இப்ப சரி. ஒஸ்லோவில வெள்ளிக்கிழமை இறங்கின உடனே க்ரொன்லான் பக்கம் போங்கோ, தமிழ்க்கடை இருக்கு, கறிவேப்பிலையில இருந்து வெண்டிக்காய் வரை கிடைக்கும். மூண்டு நாளைக்கும் சேர்த்து அண்டைக்கே வாங்கி வைச்சிடுங்கோ.

பெர்கன் ஒரு இரவு போதும். ஃப்ளோயன் கம்பி ரயில் 320 மீட்டர் உயரத்துக்குச் சில நிமிசத்தில ஏத்திவிடும், மேல அம்மா வாங்கில இருந்து ஊர் முழுக்கப் பாக்கலாம். மழை பெய்தால் கொஞ்ச நேரம் பொறுங்கோ, மேகம் கலையும், திரும்ப வரும்.

#22 தாமு_டூர்

ட்ரோம்சோவுக்கு குளிர் ஜாக்கெட் மறக்காதீங்க பாலு. மே கடைசினு ஏமாந்துடாதீங்க. அந்த ஊர்ல பனி ஆழத்துல பதிவான உச்சமே ஒரு ஏப்ரல் கடைசிலதான், 1997 ஏப்ரல் 29, 240 சென்டிமீட்டர். மலை உச்சிக்கு ரோப் கார் இருக்கு, 421 மீட்டர். கோடைல ராத்திரி வெகுநேரம் ஓடும், அம்மாவும் ஏறலாம். பதினொன்றரைக்குக் கிளம்பினா பன்னெண்டு மணிக்குச் சூரியனை மேல இருந்து பார்க்கலாம். ஜூலைலயும் அதே சூரியன்தான், சும்மா சொல்லி வெக்கறேன்.

#23 வடமுனை

கண்ணைக் கட்டுற துணி அஞ்சு வாங்குங்கோ, ஆளுக்கொண்டு. ஹோட்டலில தடிப்பான திரை இருக்கும், ஆனால் ஓரத்தால வெளிச்சம் வரும். பிள்ளையள் இரவு பதினொரு மணிக்கு "இன்னும் சாயங்காலம்தானே" எண்டு படுக்காதுகள். வெளியில பாத்தால் பக்கத்து வீட்டுப் பெடியளும் பந்தடிச்சுக்கொண்டு நிப்பாங்கள், அதால அதட்டவும் ஏலாது.

#24 கோவை_பாலு

அம்மாகிட்ட சூரியனே மறையாதுன்னு சொன்னேன். "அப்போ சாயங்காலம் விளக்கு எப்போ வெக்கறது?"ன்னு கேக்கறாங்க. யாராவது பதில் சொல்லுங்க.

#25 மழைப்பெட்டி

எங்கட வீட்டில அம்மா மணிக்கூட்டைப் பாத்து ஆறு மணிக்கு வைக்கிறவ. வெளியில வெயில் அடிச்சாலும்.